பாட்டிலுக்குப் பின்னால் ஒரு முகம்

"மூஞ்சி எங்கம்மா? மூஞ்சி எங்க?"

ஒகினுமா மேஜையில் ஓங்கித் தட்டினார். கோப்பையிலிருந்த பார்லி டீ தளும்பி அவர் சட்டையிலேயே கொட்டியது.

எடிட்டிங் அறையின் சின்னத் திரையில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய சாக்கே மதுப் பாட்டில் நின்றது. அடுத்த ஷாட்டிலும் பாட்டில். அதற்கடுத்த ஷாட்டில் பாட்டில் போய் கெட்டில் வந்தது.

"டைரக்டரம்மா, போலீஸ்காரன் மறைக்கச் சொல்றது இடுப்புக்குக் கீழே. டோக்கியோவில இருக்கிற அத்தனை டைரக்டரும் அங்கதான் பூச்சாடி வைக்கிறான். நீங்க ஒருத்தர்தான் மேல வைக்கிறீங்க!"

"கீழயும் வச்சிருக்கேனே. முள்ளங்கிக் கூடை."

"அதைத்தான் நானும் சொல்றேன்! மேல பாட்டில், கீழ முள்ளங்கி. படம் பார்க்க வர்றவன் என்ன, மளிகைக் கடைக்கா வந்திருக்கான்?"

டைரக்டர் மினெகிஷி சயோகோ சிகரெட்டைப் பற்றவைத்தார்.

இந்த அம்மாவோடு மாரடிப்பது தயாரிப்பாளர் ஒகினுமாவுக்குப் புதிதில்லை. சயோகோ பெரிய ஸ்டூடியோவில் வருஷக்கணக்காக உதவி டைரக்டராக இருந்தவர். "பொம்பளை சொல்லி எந்த லைட்டுக்காரன் கேப்பான்?" என்று அங்கே கடைசிவரை படம் கொடுக்கவில்லை. கொடுக்கிற இடத்தில் எடுக்கிறேன் என்று 'அந்த மாதிரி' படத்துக்கு வந்தார். அந்தப் பக்கம் காலெடுத்து வைத்த முதல் பெண் டைரக்டர். இவர் படம் என்றால் கொட்டகையில் நிற்க இடமிருக்காது.

ஆனால் பிடிவாதம்! படுக்கைக் காட்சி என்றால் கேமராக்காரரைத் தவிர அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். சுவரைப் பார்க்கிறவர்களுக்கும் ஒகினுமாதான் கூலி கொடுத்தாக வேண்டும்.

"மறுபடி எடுங்க. பாட்டிலை ஒரு சாண் தள்ளி வச்சா முடிஞ்சுது. மூஞ்சி தெரியலேன்னா கொட்டகைக்காரன் படப் பொட்டியை வாங்கமாட்டான். உங்களுக்கும் எங்கிட்ட இதுதான் கடைசிப் படம்."

"முடியாது, ஒகினுமா-சான். மூஞ்சி வராதுன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்கா? என்னைக் கேக்காம என்ன வாக்கு?"

"முப்பது வயசுல இப்பத்தான் அவளுக்கு ஒரு கல்யாணம் கூடியிருக்கு. கட்டிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அவன் ஊருக்குத் தெரியவேணாம்னு கேட்டுக்கிட்டா."

ஒகினுமாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஓஹோ, வெட்கமா? காசு வாங்கறப்போ எங்க போச்சாம் அந்த வெட்கம்? நாம என்ன ஊரான் வீட்டுல கன்னம் வச்சோமா? உழைக்கிறோம், சாப்பிடறோம். இதுல ஒளியறதுக்கு என்ன இருக்கு? தலை நிமிர்ந்து செய்யணும்! உங்களையே எடுத்துக்குங்க. சொந்தப் பேரைப் போட்டுத்தானே எடுக்கறீங்க? உங்கப்பா, 'இனிமே நம்ம ஊர் நீகாத்தா பக்கம் தலைவச்சுப் படுக்காதே'ன்னு சொல்லிட்டார். பயந்தீங்களா நீங்க?"

"அது என் பேரு. நான் போட்டுக்கிட்டேன். இது அவ மூஞ்சி."

"வியாக்கியானமெல்லாம் வேணாம்! தலை நிமிர்ந்து நிக்கிறவங்க மட்டும் இந்தக் கம்பெனியில இருந்தாப் போதும்!"

சயோகோ அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். சிகரெட்டை நசுக்கி அணைத்தார்.

"நீங்க சொல்றதும் நியாயம்தான்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே டைட்டில் எழுதுகிற காதோகுரா, தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அப்பாடா, ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று ஒகினுமாவுக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டு பெட்டி விலாங்கு மீன் சோறு வரவழைத்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க. எல்லாம் தொழிலுக்காகத்தானே கத்தறேன்" என்று தன் பெட்டியிலிருந்து ஒரு நல்ல துண்டாக எடுத்து அவர் பெட்டியில் வைத்தார்.

"வச்சுக்கல" என்றார் சயோகோ. துண்டையும் சாப்பிட்டார்.

பாதிச் சாப்பாட்டில் காதோகுரா உள்ளே வந்தார். கையில் ஒரு கறுப்பு அட்டை. வெள்ளை எழுத்து இன்னும் காயவில்லை.

'தயாரிப்பு: ஒகினுமா தெத்சுஜி.'

ஒகினுமா சோற்றுப் பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யோவ்! யாருய்யா என் பேரை எழுதச் சொன்னது? எப்பவும் 'ஷிராதோரி'ன்னு பொய்ப் பேருதானேய்யா போடுவே?"

"டைரக்டரம்மாதாங்க சொன்னாங்க. தலை நிமிர்ந்து போடணுமாம்."

"உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" ஒகினுமா சயோகோ பக்கம் பாய்ந்தார். "எம் பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கேன்மா! பையனோட அப்பா ஹெட்மாஸ்டர்! நான் மருந்துக் கம்பெனியில இருக்கிறதா சொல்லி வச்சிருக்கேன்! இது கொட்டகையில ஓடிச்சுன்னா, அவங்க வீட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

சயோகோ பெட்டியை மூடி, குச்சிகளை அதன்மேல் ஒழுங்காக வைத்தார்.

"பாட்டிலுக்குப் பின்னால இருக்கிறவளும் இதே வார்த்தையைத்தான் கேட்டா, ஒகினுமா-சான்."