புல்வெட்டி மேல் ஒரு புகார்

"மொட்டைக் கடுதாசி எழுத வெக்கமா இல்ல?" ஸ்வீடனின் உப்சாலா நகரில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் பக்கத்து வீட்டு எலோஃப் மேல் பாய்ந்தார் ரூனே. "என் ரோபோ புல்வெட்டி உங்களை என்னய்யா பண்ணுச்சு? பூனை மாதிரி சத்தமே இல்லாமத்தானே ஓடுது?"

"சத்தியமா நான் எழுதலைங்க." காபிக் கோப்பையைக் கீழே வைத்தார் எலோஃப்.

"என் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே? வேற யாரு எழுதுவா?"

"விடுங்க, வீட்டுக்குப் போலாம்," என்று ரூனேயின் சட்டையை இழுத்தாள் அவர் மனைவி மார்கிட்.

"நீ சும்மா இரு!"

செயலாளர் பிர்கிட்டா வேறு வழியில்லாமல் கடிதத்தை நீட்டினாள். "சத்தம்னு யாரு சொன்னா? முழுசாப் படிங்க."

ரூனே படித்தார்.

'அது வந்ததிலிருந்து தோட்டத்துப் பெஞ்சே கதியென்று இருக்கிறார். அது புதரில் சிக்கினால் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, அடிபட்டதா என்று கேட்கிறார். நான் தினமும் தனியாகச் சாப்பிடுகிறேன். மாலையில் அதை ஓட்டக் கூடாது என்று சங்கம் சொன்னாலாவது கேட்பார்.'

அந்தக் கையெழுத்து அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

"மன்னிச்சிடுங்க எலோஃப்," என்றார் மெதுவாக.

மார்கிட்டின் பக்கம் திரும்பத்தான் அவருக்கு முகமில்லை.