டெஸ்ட் டோஸ்

எழிலன் வாயைத் திறந்ததும் குத்தினேன். முன்பல் உடைந்து என் விரல் முட்டியில் ஏறியது.

அவன் லேப் டெக்னீஷியன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இருந்தால் எனக்கென்ன? உள்ளே என் மனைவி கோமளவல்லி செத்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவள் முன்கையில் டெஸ்டுக்கென்று ஒரு துளி மருந்தை ஏற்றினான். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டான். இருபது நிமிடம் பார்த்துவிட்டு, தடிப்பு இல்லை, பென்சிலின் ஏற்றலாம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

மருந்து ஏறி இரண்டு நிமிடம் ஆகவில்லை. கோமளாவின் உதடு வீங்கியது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே விசிலடித்தது. டாக்டரம்மா எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

காலில் ஒரு சீழ்க்கட்டி, அவ்வளவுதான். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வரைக்கும் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தவள்.

எழிலனின் முடியைப் பிடித்து, லேபில் ரத்தச் சாம்பிள் வைக்கும் பிரிட்ஜில் மோதினேன். கண்ணாடிக் குழாய்கள் சரிந்து நொறுங்கின. கீழே விழுந்தவனை அந்தக் கண்ணாடி மேலேயே இழுத்தேன்.

நான் முருகனுக்கு மாலை போட்டிருந்தேன். இருபது நாள் விரதம். மஞ்சள் வேட்டியெல்லாம் அவன் ரத்தம்.

"உட்டுடு பாவா! செத்துகித்துப் போயிடப்போறான்!"

கோமளாவின் தம்பி சக்திவேல் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். முழங்கையால் இடித்துத் தள்ளினேன்.

எழிலன் என்னைத் தடுக்கக்கூட இல்லை. ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"இருபது நிமிசம் பாத்துகினே இருந்தேங்க... ஒண்ணுமே தடிக்கலைங்க... காலையில அவங்க ஏதாச்சும்..."

முடிக்க விடவில்லை. வாயிலேயே மிதித்தேன்.

மறுபடியும் 'காலையில' என்றான். மறுபடியும் மிதித்தேன். வட்டம் போட்ட கையைப் பின்னால் முறுக்கினேன். ஏதோ முறிந்தது. அதற்குமேல் அவன் பேசவில்லை.

முருகா, அவளை எனக்குக் கொடுத்துவிடு என்று அப்போதும் மனசுக்குள் கத்திக்கொண்டுதான் இருந்தேன். பொய்யில்லை. அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் முகமெல்லாம் வியர்வை.

"மூச்சு திரும்பிடுச்சி, பேசறாங்க. காலையில நீங்க ரெண்டு மாத்திரை குடுத்தீங்களாமே, என்னங்க அது?"

அரிப்பு மாத்திரை என்றேன்.

தறித் தூசி பட்டு உடம்பு தடிக்கும்போதெல்லாம் அவள் போடுவது. போட்டால் தடிப்பு அடங்கிவிடும்.

முந்தாநாள் அரக்கோணத்தில் இதே டெஸ்ட் எடுத்தார்கள். ஊசி போட்ட இடம் இட்லியாய் உப்பியது. இந்த வகை மருந்தே அவளுக்கு ஆகாது, சென்னைக்குப் போய் வேறு எது ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாளை மறுநாள் ஆடிக்கிருத்திகை. அவள் சென்னையில் போய்ப் படுத்துவிட்டால் வீட்டிலிருந்து காவடி எப்படிக் கிளம்பும்?

தடிப்பு வராமல் பார்த்துக்கொண்டால் மருந்தும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். டெஸ்டுக்கு முன்னால், மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று எழிலன் அவளைத்தான் கேட்டான். முந்திக்கொண்டு இல்லை என்றது நான். சக்திவேலும் அப்போது பக்கத்தில்தான் நின்றான்.

டாக்டரம்மா அப்போதுதான் கீழே கிடந்தவனைக் கவனித்தார். ஐயோ என்று அவனிடம் ஓடினார்.

சக்திவேல் அவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

உள்ளே இருக்கும் அக்காவுக்குக் கேட்காதபடி கதவை இழுத்துச் சாத்திவிட்டு, என் பக்கம் வந்தான்.