தோலுரித்த திராட்சை

“இது கண்ணு இல்ல, மிஸ் டார்லா.”

செருப்புப் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டபடியே வில்லா சொன்னாள். கண்ணைக் கட்டியிருந்த துணிக்குக் கீழே உதடு சிரித்தது.

டார்லாவுக்குச் சுருக்கென்றது. பேய் வேஷம் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்தி விளையாடும் இந்த ஹாலோவீன் விருந்துக்காக இரண்டு நாளாக உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறாள். வெந்து ஆறிய நூடுல்ஸில் எண்ணெய் தடவி ‘குடல்’. ஈரக் காலிஃபிளவர் ‘மூளை’. அறுபது திராட்சையைத் தோலுரித்து ‘கண்’. உரித்த விரல்கள் இன்னும் எரிகின்றன! மகள் கேந்த்ராவும் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரும் பெட்டிக்குப் பெட்டி வீடு அதிரக் கத்தியிருந்தார்கள். இந்தப் புதுப் பெண் ஒருத்திதான் அசையவில்லை.

இத்தனைக்கும் நல்ல பிள்ளை. கட்டும்போது துணி இடப்பக்கம் நழுவியது. இறுக்கப் போனால், “பரவாயில்ல, மிஸ் டார்லா. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது” என்று தானாகவே சொன்னாள்.

டார்லா விடவில்லை. சூனியக்காரித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குரலைக் கரகரப்பாக்கினாள். “செத்தவனோட கண்ணுதான் செல்லம். நல்லா அமுக்கிப் பாரு.”

“ஐயே, கண்ணு இப்படிக் கொழகொழன்னா இருக்கும்? கெட்டியா, வழவழன்னு இருக்கும். உருண்டையாவும் இருக்காது. சிப்பி மாதிரி இருக்கும்.”

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

“நான்தான் தொட்டிருக்கேனே! எங்க வீட்டுக் குளியலறை அலமாரியில மூணு இருக்கு. எல்லாம் நீலம். ஒண்ணு ரெண்டு வயசு, ஒண்ணு நாலு வயசு, ஒண்ணு ஆறு வயசு. தூக்கிப் போட மனசு வரலைன்னு அப்பா டப்பாவுல போட்டு வச்சிருக்காரு.”

சொல்லிவிட்டு வில்லா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு.”

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ரோண்டா, டார்லாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“கேட்டியாடி? கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்! இவ அப்பன் அந்த எமெட் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ரெண்டு மாசமாச்சு. ஒருத்தரை வாசப்படி தாண்ட விட்டிருக்கானா? பொண்டாட்டி எங்கன்னு கேட்டா வாயைத் திறக்கறானா?”

“சும்மா இரு ரோண்டா. எட்டு வயசுப் பிள்ளை. ஏதோ கதை விடுது.”

“கதையாம் கதை! எந்த அலமாரின்னு இடத்தோட சொல்லுது. என்ன நிறம்னு சொல்லுது. ரெண்டு வயசு, நாலு வயசுன்னு… அடக் கடவுளே, யாரு பெத்த பிள்ளைங்களோ!”

டார்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். வில்லாவை அழைத்துப் போக எமெட் ஐந்து மணிக்கு வருவான்.

“இப்ப அவன் வந்து நிப்பான்” என்றாள் ரோண்டா. “மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில கொடுத்து, போயிட்டு வாடி செல்லம்னு அவன் கூட அனுப்பிடுவியா? நாளைக்கு டப்பாவுல நாலாவது வந்துச்சுன்னா?”

“வாயைக் கழுவுடி!”

ஆனாலும் டார்லாவால் வில்லாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓரமாகவே உட்கார்ந்திருக்கும் பெண், யாருடனும் சேர மாட்டாள் என்று கேந்த்ரா சொல்லியிருந்தாள். பாவம் என்றுதான் கூப்பிட்டது. இன்றைக்குத்தான் சிரித்தே பார்க்கிறார்கள். அந்தச் சிரிப்பை அப்படிப்பட்ட வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா? பெற்ற வயிறு கேட்குமா? தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் குரலும் மாறிவிட்டது.

“அம்மா, கதவைப் பூட்டிக்குங்க. அந்த ஆள் வந்தாலும் பிள்ளையை மட்டும் விட்டுடாதீங்க. பத்தே நிமிஷம், நானே கிளம்பி வர்றேன்.”

“சீக்கிரம் வாங்க சார்” என்று டார்லா சொல்லி வாய் மூடவில்லை, கூடத்திலிருந்து ஓர் அலறல். ஒரு பிள்ளை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக. இன்றைக்குக் கத்திய கத்தலெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

“வந்துட்டான்டி!” என்று ரோண்டா நெஞ்சில் கை வைத்தாள்.

டார்லா ஃபோனும் கையுமாக ஓடினாள். வாசல் கதவு சாத்தியபடியே இருந்தது. பிள்ளைகள் அந்தத் திராட்சைப் பெட்டியைச் சுற்றி ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கேந்த்ராவின் கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது.

“அம்மா! நிஜமாவே சிப்பி மாதிரிதான் இருக்கு! வழவழன்னு இருக்கு!”

“அடுத்தது நான்! நான்தான் முதல்ல கேட்டேன்!”

டார்லா வில்லாவைத் தேடினாள். பெட்டிக்குப் பக்கத்திலேயே, கண்கட்டை அவிழ்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள் வில்லா. வலப்பக்கம் நீலக் கண் ஒன்று டார்லாவைப் பார்த்துச் சிரித்தது. இடப்பக்கம் இமை குழிந்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

“தொட்டுட்டுச் சீக்கிரம் குடுங்கப்பா! பழசு மூணும் சின்னதாப் போச்சு, இது ஒண்ணுதான் எனக்கு இப்ப சேருது. எங்கப்பா வர்றதுக்குள்ள மறுபடி மாட்டிக்கணும். இந்த ஊர்லயாவது யாருக்கும் தெரியவேணாம்னு சொல்லியிருக்காரு.”