அறைகளைத் தின்ற பேக்கப்

“இன்னைக்கும் தின்னுட்டுலே ஒன் பேக்கப்பு!”

ஞானசம்பந்தம் அண்ணாச்சி கவுண்டர் மேசையில் ஓங்கி அடித்தார். குற்றாலத்தில் அவருடைய லாட்ஜ் வாசலில், ஈரத்தலையும் கைக்குழந்தையுமாக ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நேற்றே வந்து ரூம் சொல்லிவிட்டுப் போனவர்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் பெயரே இல்லை, அந்த ரூமில் வேறு யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாசருக்கு அழாத குறை. தென்காசியிலிருந்து பைக்கில் வந்து லாட்ஜின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். சாரல் சீசனில், புக்கிங் எல்லாம் பதிவாகும் சர்வரை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு.

அதனால் டேட்டாபேஸை ஓடவிட்டபடியே, டிஸ்க் அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேக்கப்பாக ஒரு ஸ்நாப்ஷாட் எடுப்பான். கவுண்டர் ஓரத்தில் இருக்கும் புது கம்ப்யூட்டரில் பழைய நகலைத் துடைத்துவிட்டு, இதை ஏற்றி, ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பான். தினமும் காலையில் இதே வேலை. இதை முடித்த கையோடு முந்தைய நாள் புக்கிங்கில் சிலது காணாமல் போகும்.

“ஸ்நாப்ஷாட் எதையும் அழிக்காது அண்ணாச்சி.”

“அப்ப என்ன, அருவியில அடிச்சிட்டுப் போச்சோ? ஜும்மான்னு நீ வராத வெள்ளிக்கிழமை ஒண்ணும் போகலையே! இன்னைக்குச் சரியாகலன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்டே.”

அந்தக் குடும்பத்துக்கு வேறு லாட்ஜ் தேடிக்கொண்டு அவர் வெளியே போனார். கவுண்டரில் பகல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பொன்செல்வி பாவப்பட்டு, “அவரு கெடக்காரு. கம்ப்யூட்டரு சும்மா பறக்குதுண்ணே” என்றாள். அந்த ஒரு நல்ல வார்த்தைதான் அவனுக்கு ஆறுதல்.

யாசர் பல்லைக் கடித்துக்கொண்டு புது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முன்பு டேட்டா ஒரு டிஸ்க்கிலும், மாற்றங்களைக் குறிக்கும் லாக் இன்னொன்றிலும் இருந்தன. இரண்டையும் தனித்தனியே எடுத்தால் நகல் ஒட்டாது என்று, முந்தாநாளே ஒரே டிஸ்க்குக்குக் கொண்டுவந்து ஒரே ஸ்நாப்ஷாட்டாக எடுக்க வைத்தாயிற்று. அதற்காக ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுபடி எடுத்தான். துடைத்தான், ஏற்றினான், சர்வரோடு வரிவரியாக ஒப்பிட்டான். அச்சு அசல், ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது. தப்பு இருந்தாலாவது திருத்தலாமே!

“அண்ணே, இங்க பாருங்க! காலையில கேரளாக்காரங்களுக்குப் போட்ட ரூமும் காணல!” என்று, அவன் திரையை எட்டிப் பார்த்த பொன்செல்வி அலறினாள்.

யாசர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. “எங்கன போட்டே புள்ள? சர்வர்ல இப்பத்தான் வரிவரியா பாத்தேன், அப்படி ஒரு ரூமே இல்லியே!”

அவள் மிரண்டுபோய், அவன் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்த புது கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

“சர்வரு ரொம்ப இழுக்குதுன்னு, நான் தெனமும் இதுலதாம்ணே போடுதேன்.”