எதுக்கும் இருக்கட்டும்

"ஒன்பது பேர்னு சொல்லும்போது இன்னும் கொஞ்சம் துக்கம் வேணும்க்கா. இப்ப பஸ்ஸுக்கு ஆள் எண்ணுற மாதிரி இருக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மைக் முன்னால் உட்கார்ந்திருந்த வெண்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

வெண்கலம் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பதினெட்டு வருடமாக அந்தச் சேனலின் செய்திகளுக்குப் பின்னால் கேட்கும் கணீர்க் குரல் அவளுடையதுதான். அந்தக் குரல் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற வீடுகள் எத்தனையோ. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன?

காலையிலிருந்து அவள் சோப்புக்கும் பற்பசைக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் செய்தி ஆசிரியரே நேரில் வந்து ஒரு தாளை நீட்டினார்.

'மூடிய ஆலையைத் திறக்கக் கோரித் தொழிலாளர்கள் இன்று நடத்திய பேரணியில் வன்முறை வெடித்தது. மூன்று முறை எச்சரித்தும் கலையாமல் அவர்கள் கல்வீச்சில் இறங்கியதால், வேறு வழியின்றிப் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்' என்று இருந்தது. அடுத்த வரியில் எண்ணிக்கைக்கு இடம் விட்டு, 'பலி' என்று முடித்திருந்தார்கள்.

அவள் தம்பிக்கு அந்த ஆலையில்தான் வேலை. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. பேரணி வண்டிக்கெல்லாம் கொடி கட்டணும் என்று இன்று விடிந்ததும் விடியாததுமாகப் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

"சார், ஒரே ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்." பதிவு அறைக்குள் போன் கூடாது. அவளுடையது வெளியே மேஜை டிராயரில் கிடந்தது.

"முடிச்சுட்டுப் பண்ணுங்கம்மா. அவசரம்."

என் தம்பியும் அங்கே இருக்கிறான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த நிமிடமே அவள் 'அந்தப் பக்கத்து ஆள்' ஆகிவிடுவாள். இந்த அலுவலகத்தில் அப்படி ஆனவர்கள் யாரும் அடுத்த மாதம் வேலையில் இருந்ததில்லை. விழுங்கிக்கொண்டாள்.

"செத்தவங்க பேரு ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"எண்ணிக்கையே வரலை, பேருக்கு எங்க போறது? ஒருவர்ல ஆரம்பிச்சு இருபது பேர் வரைக்கும் தனித்தனியாச் சொல்லி வெச்சுடுங்க. வர்ற கணக்கைப் பாத்து நாங்க நடுவுல ஒட்டிக்கறோம்."

"கல்லை முதல்ல எறிஞ்சது அவங்கதானா? நம்ம நிருபர் பாத்தாரா?"

"எழுதியிருக்கு இல்ல? நீங்க குரல் மட்டும் குடுங்க."

வழக்கமாக எதிரே உள்ள டிவியில் சம்பவத்தின் காட்சி ஓடும், அதைப் பார்த்துக்கொண்டேதான் படிப்பாள். இன்று திரை கறுப்பாகக் கிடந்தது. "படம் இன்னும் வரலைக்கா" என்றான் ஒலிப்பதிவாளன். ஒரு விதத்தில் அவளுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. வந்தால் அதில் யார் விழுந்து கிடப்பார்களோ, யார் கண்டது?

படித்தாள். தெருநாய் துரத்தினால்கூடக் கல்லை எடுக்காமல் ஓடி வருகிற தம்பியைக் கல் எறிந்தான் என்று தன் வாயாலேயே சொன்னாள். குரல் துளியும் பிசிறவில்லை. அதுதான் அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பைத் தந்தது.

பிறகு எண்ணிக்கை. "ஒருவர்" என்றபோதே தம்பியின் முகம் எதிரே வந்து நின்றது. அந்த ஒருவர் அவனாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஆறு, ஏழு என்று ஏற ஏறப் பயமும் கூடவே ஏறியது. ஒன்பதுக்கு வந்தபோது நாக்கு மரத்துப்போய்விட்டது. அதைத்தான் அந்த ஒலிப்பதிவாளன் பஸ்ஸுக்கு ஆள் எண்ணுவதாகச் சொன்னான்.

"ஒன்பது பேர்" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை கேட்காமலேயே துக்கம் வந்தது.

"சூப்பர்க்கா! இதேதான்."

இருபது பேரில் முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றப் போனாள். செய்தி ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருபத்தஞ்சு வரைக்கும் போயிடுங்கம்மா. எதுக்கும் இருக்கட்டும்."

போனாள். முடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வெளியே கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. ஜன்னல் வழியே வெயில் சுள்ளென்று அடித்தது. டிராயரை இழுத்துப் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

முதல் தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை அடிக்கும்போது, இனிமேல் இந்த வேலையே வேண்டாம், அவன் ஒருவன் எடுத்தால் போதும் என்று நினைத்தாள்.

"சொல்லுக்கா." பின்னால் ஒரே கூச்சலும் வண்டிச் சத்தமுமாக இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

"டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே? அடிகிடி படலையே? எத்தனை பேருடா செத்தாங்க?"

"செத்தாங்களா? என்னக்கா உளர்றே?" அவன் சிரித்தான். "பேரணியே நாலு மணிக்குத்தானே!"