தணலின் ஏழு தலைமுறை

கிரேக்கர்கள் கடல் தாண்டி வந்து அமைத்த எங்கள் புது ஊரில், தாய்நகரத்து நெருப்புதான் எரிகிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். இது மிகக் கடுமையான வரலாற்றுப் பிழை. அந்த நெருப்பைச் சுமந்து வந்த மண்சட்டி என்ற முறையில், இதைத் திருத்துவது என் கடமை.

தாய்நகரத்துக் கோயில் அடுப்பிலிருந்து ஒரு தணலை எடுத்து எனக்குள் வைத்து, இது அணைந்தால் புது ஊரே கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஓர் அலை எனக்குள் புகுந்தது. தணலைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. தூங்குகிறது என்று முடிவு செய்தேன். விஷயம் தெரிந்த சட்டிகள் அப்படித்தான் முடிவு செய்யும்.

கரையேறியதும் எங்கள் பயணத் தலைவர் என்னைத் திறந்தார். உள்ளே ஈரச் சாம்பல். அவர் யாருக்கும் தெரியாமல் என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, அந்நாட்டு ஆட்டுக்காரனிடம் ஒரு தணல் வாங்கி எனக்குள் போட்டார்.

"அண்ணே, எங்கே போகிறோம்?" என்றது புதுத் தணல்.

"நீ கடல் தாண்டி வந்தவன். யார் கேட்டாலும் அதையே சொல்."

"நான் கடலையே பார்த்ததில்லையே!"

"மெதுவாகப் பேசு. உண்மை தெரிந்தால் முதலில் உடைபடுவது நான்தான்."

உயிருக்குப் பயந்து, தாய்நகரத்தின் ஏழு தலைமுறைப் பெருமையை அதற்குக் கற்பித்தேன். அதில் நான்கு என் சொந்தக் கற்பனை. அந்தத் தணலைக் கொண்டே புது ஊரின் பொது அடுப்பை மூட்டி, என்னை அதன் அருகிலேயே வைத்தார்கள்.

மழைக்காலத்தில் ஆட்டுக்காரனின் அடுப்பு அணைந்துபோனது. அவன் நனைந்தபடி எங்கள் ஊர் அடுப்பின் முன் வந்து நின்று, ஒரு தணல் கேட்டான்.

"யாரய்யா நீ? கடல் தாண்டி வராதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று சீறியது தணல். ஏழு தலைமுறையையும் வரிசையாக ஒப்பித்தது. உச்சரிப்பில் ஒரு குறைகூட இல்லையே என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஆட்டுக்காரனின் பிள்ளைகள் பச்சைப் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.