ஆல்வின் விட்ட மூலை

பாலாற்றுக் காற்றில் ஆம்பூர் மைதானமே மெல்ல மிதப்பது போலிருந்தது. ஓரத்தில் நின்று ஃபுட்பால் மேட்ச் பார்த்த இன்பராஜுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளைக்குள் பள்ளிகொண்டா டீம் இரண்டு கோல் போட்டுவிட்டது.

“இன்னா டிஃபென்ஸ் இது? கோல்கிட்ட அந்த மூலையை அப்படியே திறந்து உட்டுட்டு நிக்கிறான் நம்ம ஆல்வின். தூரத்துலேர்ந்தே அடிக்கிறானுங்க!”

“ஷூ கம்பெனில நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருப்பான்,” என்றான் பக்கத்திலிருந்த ஏசுராஜ். “கண்ணைத் தொறந்துக்கினே தூங்குறான்.”

கோலுக்கு மேலே ஓர் ஆட்காட்டிக் குருவி ஓயாமல் கத்திக்கொண்டு வட்டமடித்தது.

“அதுக்கே பொறுக்கல பாரு!” என்றான் இன்பராஜ்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. போகிற போக்கில் ஆல்வின், இனி அந்தக் கோலைக் காக்கப்போகும் பள்ளிகொண்டா டிஃபென்டரின் காதில் ஏதோ சொன்னான். இப்போது அவனும் அதே மூலையை விட்டு விலகியே நின்றான்.

“இவனுக்கும் தூக்கமா?” கிண்டல் பண்ணவே இன்பராஜ் கோலுக்குப் பின்னால் போனான்.

கம்பத்துக்கு முன்னால் நாலடி தள்ளி, அந்த மூலைக்கு நேரே, புல்லில் நான்கு புள்ளி முட்டைகள். சுற்றிலும் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகளை யாரோ வட்டமாக அடுக்கியிருந்தார்கள்.

அந்த நேரம் ஆம்பூர் ஃபார்வர்டு நத்தானியேல் பந்தோடு பாய்ந்து வந்தான். எதிரே ஆளில்லாத மூலை. தரையோடு அடித்தால் கோல்தான். கூட்டமே எழுந்து நின்றது.

“மேல அடிடா நத்தானி!” கத்துவது தான்தான் என்று இன்பராஜுக்கே நம்ப முடியவில்லை. “கோல் போனா போவுது, தூக்கி அடிடா!”